பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் மல்டிபிளேயர்: கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் இன்று சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எந்த ஊர் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கின்றன. பெரும்பாலும் இன்டெல் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். வீட்டுக்கு வந்த முதல் வாரம் காலேஜ் பிராஜெக்ட், இரண்டாம் வாரம் வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு. மூன்றாம் வாரம் "அண்ணா, லேக் அடிக்குது, எந்த கார்டு போடலாம்?" என்று எனக்கு போன் வரும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கார்டைப் பார்க்காதீர்கள், பெட்டியைத் திறங்கள். நம்மூரில் மொத்தப் பெட்டியையும் "சிபியூ" என்றுதான் சொல்கிறோம். அதன் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பகுதி) மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட், அந்த ஸ்லாட்டைச் சுற்றி இருக்கும் இடம்.

படுக்க வைக்கும் சின்னப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும். கடையில் "லோ புரொஃபைல்" என்று கேளுங்கள், பின்பக்கத் தகடும் பாதி உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில சின்னப் பெட்டிகளில் நீள ஸ்லாட் எஸ்.எம்.பி.எஸ்ஸை ஒட்டியே இருக்கும். அதில் இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு இடிக்கும். ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து, எண்ணைப் போனில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிமிர்ந்து நிற்கும் டவர் பெட்டி என்றால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

எல்லோரும் 75 வாட், 75 வாட் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

நீள ஸ்லாட்டே கார்டுக்குக் கொடுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பு அது. அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயர் வேண்டாம், செருகினால் போதும். அதற்கு மேல் இழுக்கும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் தனியாக வர வேண்டும். 6 பின் கூடுதலாக 75 வாட் தரும், 8 பின் 150 வாட் தரும். ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த ஒயர்களே இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 சின்னப் பெட்டியில் வருவது 255 வாட் எஸ்.எம்.பி.எஸ். அதில் ஐ5-4570 பிராசஸருக்கு 84 வாட், கார்டுக்கு 75 வாட், டிஸ்க், ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு முப்பது நாற்பது. மொத்தம் 200 வாட்டைச் சுற்றி நிற்கிறது. ஓடும். அதே பெட்டியில் 185 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 580-ஐ ஓட்ட நினைத்தால் கதை கந்தல்.

டிஸ்க்குக்கு மின்சாரம் போகும் சாட்டா ஒயரிலிருந்து 6 பின் எடுக்க ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர். ஆக மொத்தம் 54 வாட். அதிலிருந்து 75 வாட் உறிஞ்சினால் பிளாஸ்டிக் இளகும். ஒருவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்ததுமே வாடை அடித்தது. அந்த முனை பழுப்பாகி, கழற்ற முடியாமல் ஒட்டிப் போயிருந்தது. டிஸ்க் பிழைத்தது அவருடைய நல்ல நேரம்.

அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ்ஸையே மாற்றிவிடலாமா?

டவர் பெட்டியில் முடியும், ஆனால் முதலில் மதர்போர்டுக்குப் போகும் முனையைப் பாருங்கள். சாதாரண எஸ்.எம்.பி.எஸ்ஸில் 24 பின் இருக்கும். ஆப்டிபிளெக்ஸ் 9020, 3020 போன்றவற்றில் டெல் தனக்கென்று 8 பின் வைத்திருக்கிறது, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின். நடுவில் மாற்று ஒயர் போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. "450 வாட்" என்று பெரிதாக அச்சடித்த மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைத் தேடிப் படியுங்கள். அங்கே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 14 = 168 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தின்பது இந்த வரியிலிருந்துதான். மேலே எழுதியிருக்கும் 450 வெறும் அலங்காரம்.

சரி, எந்த கார்டுதான் வாங்குவது?

ஆபீஸ் பெட்டிக்கு என் முதல் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட், லோ புரொஃபைலிலும் கிடைக்கும். இதே பெயரில் 6 பின் ஒயர் கேட்கும் மாடல்களும் உண்டு என்பதால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். 2020-இல் இதற்கே ஜிடிடிஆர்6 என்ற வேகமான மெமரியோடு இன்னொரு பதிப்பு வந்தது. கிடைத்தால் அதை எடுங்கள்.

அதற்கு ஒரு படி கீழே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-ஆம் வருடத்துச் சரக்கு, இதுவும் 4 ஜிபி, 75 வாட். பழைய மார்க்கெட்டில் நிறைய உண்டு, போலியும் நிறைய உண்டு. அந்தச் சோகத்தைக் கீழே சொல்கிறேன். இன்னும் கீழே 60 வாட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ. வாலரன்ட்டும் டோட்டா 2-வும் மட்டும் ஆடும் தம்பிக்கு இது இன்றைக்கும் ஓடும், ஆனால் 2 ஜிபி மெமரியோடு புதிய விளையாட்டு எதையும் கேட்காதீர்கள்.

ஜிடி 1030 வெறும் 30 வாட் கார்டு, எந்தப் பெட்டியிலும் உட்காரும். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே பெயரில் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என்று இரண்டு கார்டுகள். முதலாவதின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதுக்கு 16.8 ஜிபிதான். அட்டைப்பெட்டியில் "டிடிஆர்4" என்று கண்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

புதிதாகவே வாங்கப் பணம் இருக்கிறது என்றால் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பைப் பாருங்கள். 70 வாட், தனி ஒயர் வேண்டாம். 8 ஜிபி பதிப்பு வேறு ஜாதி, அதற்கு ஒயர் வேண்டும். ஆனால் பெட்டி வாங்கிய விலையை விட கார்டு விலை கூடப் போகிறது என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் அடுத்த தலைமுறைப் பெட்டியே வந்துவிடும்.

ஆர்எக்ஸ் 6400, இன்டெல் ஆர்க் எல்லாம் மலிவாகக் கிடைக்கிறதே?

ஆர்எக்ஸ் 6400 நல்ல கார்டுதான், 53 வாட்தான். ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது நான்கே நான்கு வழித்தடங்களில். பிசிஐ எக்ஸ்பிரஸ் (அந்த நீள ஸ்லாட்டின் பெயர்) 4.0 உள்ள புதிய போர்டில் நொடிக்கு 8 ஜிபி போகும் அந்தப் பாதை, நான்காம் தலைமுறைப் பெட்டியின் 3.0-இல் 4 ஜிபி ஆகிறது. இரண்டாம் தலைமுறை ஐ5-இன் 2.0-இல் 2 ஜிபிக்குச் சுருங்குகிறது. மெமரி நிரம்பும் நேரத்தில் திக்கும். போதாதற்கு அதில் வீடியோ என்கோடர் இல்லை. ஆடுவதை ரெக்கார்டு செய்து யூடியூபில் போடும் ஆசை இருந்தால் அந்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும்.

ஆர்க் கார்டுகளுக்கு ரீசைஸபிள் பார் என்ற வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுக விடுவது) போர்டில் வேண்டும். பழைய ஆபீஸ் பெட்டிகளில் அது கிடையாது. விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் "4 ஜிபி கார்டு, விலையும் குறைவு" என்று ஜிடி 730-ஐ நீட்டுகிறார். எடுக்கலாமா?

மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்துவிட்டு குளியலறைக்கு அரை அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் எப்படி வரும்? அதே கதைதான். டிடிஆர்3 மெமரி போட்ட 64 பிட் ஜிடி 730-இன் வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. 1050 டிஐ 112 ஜிபி, 1650 128 ஜிபி. தொட்டி மூன்றுக்கும் 4 ஜிபியாக இருக்கலாம், குழாய்தான் வேறு. நான்காம் தலைமுறை ஐ5-இன் உள்ளேயே இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸை விடப் பெரிதாக எதுவும் தெரியாது.

என் பிராசஸர் தாங்குமா?

மல்டிபிளேயரில் இந்தக் கேள்விதான் எடை அதிகம், கேட்பவர்கள்தான் குறைவு. வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 இரண்டும் பிராசஸரைத்தான் அதிகம் வேலை வாங்குகின்றன. ஒரு ரவுண்டில் பத்துப் பேர் ஓடுவது, சுடுவது, குண்டு போவது, சர்வரிலிருந்து வரும் தகவல் எல்லாவற்றையும் கணக்குப் போடுவது அதுதான். ஐ3-4130 போல இரண்டு கோர் பிராசஸரில் 1650-ஐச் செருகினால் புகை குண்டு வெடிக்கும் நேரத்தில் திரை ஒரு துள்ளு துள்ளும்.

காசு செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். இப்போது இருக்கும் கார்டிலேயே விளையாட்டைத் திறந்து, ஃபிரேம் எண்ணைத் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை) திரையில் வரவையுங்கள். ரெசல்யூஷனை 1920 × 1080-இலிருந்து 1280 × 720-க்கு இறக்குங்கள். திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600-இலிருந்து 9,21,600 ஆகிவிடும், பாதிக்கும் கீழே. ஃபிரேம் எண் ஜிவ்வென்று ஏறினால் கார்டு திணறிக்கொண்டிருந்தது என்று பொருள், புதிய கார்டு வாங்குங்கள். எண் அசையாமல் அங்கேயே நின்றால் முட்டுக்கட்டை பிராசஸரில் இருக்கிறது. எந்த கார்டு போட்டும் பயனில்லை.

அப்படி நின்றால் அதே சாக்கெட்டில் உட்காரும் பெரிய பிராசஸரைத் தேடுங்கள். ஐ3-4130 இருக்கும் இடத்தில் பழைய ஐ5-4570, முடிந்தால் நான்கு கோர், எட்டு த்ரெட் உள்ள ஐ7-4770. கழற்றும்போது ஹீட்சிங்க் அடியில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள்.

ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் ஃபிரேம் கூடுமா?

ரேம் கூட்டும். 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே வகையில் இன்னொரு குச்சி போடுங்கள். ஒரு டிடிஆர்3-1600 குச்சி நொடிக்கு 12.8 ஜிபி, ஜோடியாகப் போட்டால் 25.6. கார்டே வாங்காமல் உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் ஆடுபவருக்கு இது நேரடியாகத் தெரியும், ஏனென்றால் அது கடன் வாங்குவதே இந்த ரேமைத்தான். எஸ்எஸ்டி ஃபிரேமைக் கூட்டாது, ஆனால் மேப் ஏறுவதற்குள் மற்றவர்கள் துப்பாக்கி வாங்கி முடித்துவிடும் அவமானம் போகும். கவுன்டர் ஸ்டிரைக் 2 ஒன்றே 85 ஜிபி இடம் கேட்கிறது. 120 ஜிபி எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள்.

பழைய கார்டு போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஏமாந்த கதையையே சொல்கிறேன். ஆன்லைனில் ஒருவரிடம் 1050 டிஐ, பாதி விலை. கார்டு வந்தது. பின்னால் நீல நிறத்தில் விஜிஏ போர்ட். "அட, நம்ம பழைய மானிட்டருக்கு ஒயர் நேராகவே போகுமே" என்று சந்தோஷப்பட்டேன். அந்த இடத்திலேயே விழித்திருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் என்விடியா அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. அசல் 1050 டிஐயில் விஜிஏ இருக்கவே முடியாது.

விண்டோஸ் "ஜிடிஎக்ஸ் 1050 டிஐ" என்றே காட்டியது. டிரைவர் போட்டதும் திரை கறுத்தது. அப்புறம் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கார்டின் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஜிடிஎஸ் 450, 2010-ஆம் வருடத்துச் சில்லு. கார்டின் உள்ளே இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள்.

ஆகவே நேரில் வாங்குங்கள். பென்டிரைவில் ஜிபியூ-இசட்டைக் கொண்டு போங்கள். பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். கோடுகள், புள்ளிகள், ஃபேன் சத்தம் எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். ஓட்டிக் காட்ட முடியாது என்பவரிடம் வாங்காதீர்கள்.

என் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. மானிட்டரும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சில்லு வைத்த கன்வெர்ட்டர் வாங்குங்கள். வெறும் ஒயராக இருந்தால் படம் வராது. திரை 60 ஹெர்ட்ஸ் என்பதற்காக ஃபிரேமை 60-இல் பூட்டி வைக்காதீர்கள். 100 ஓடினால் சுட்டியின் அசைவு திரைக்கு வரும் தாமதம் குறைகிறது, கை அதை உணரும்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமா?

வாலரன்ட் ஆடுபவர் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, பதிவு செய்துகொண்டவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11-ஐ எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டியில் குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம்தான். ஆனால் வாலரன்ட்டின் காவல்காரன் வேன்கார்டு, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பையும் கேட்கும். நான்காம் தலைமுறைப் பெட்டியில் டிபிஎம் இருந்தாலும் அது பெரும்பாலும் பழைய 1.2-ஆகத்தான் இருக்கும். விண்டோஸ் ஏறும், விளையாட்டு திறக்காது. இரண்டு பேர் இப்படி ஏற்றிவிட்டு, திரும்பப் பழைய விண்டோஸைப் போடச் சொல்லி என்னிடம் வந்தார்கள்.

பழைய கார்டுக்கு டிரைவர் இன்னும் வருகிறதா?

750 டிஐ, 1050 டிஐ, ஜிடி 1030 இவற்றுக்கெல்லாம் புது விளையாட்டுகளுக்கான டிரைவரை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை. இருக்கும் விளையாட்டு அப்படியே ஓடும், பயம் வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை. அதை நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டு மாற்றினால் பிங் குறையுமா?

குறையாது. பிங் என்பது சர்வருக்குத் தகவல் போய் வரும் நேரம். "லேக்" என்று ஒரே வார்த்தையில் எல்லோரும் சொல்வதில் இரண்டு நோய் கலந்திருக்கிறது. படம் துண்டு துண்டாக நகர்ந்தால் பெட்டிக்குள் கோளாறு. படம் வழுவழுவென்று ஓடி, சுட்ட எதிரி மட்டும் சாகாமல் ஒரு நொடி கழித்து நீங்கள் சாகிறீர்கள் என்றால் இணையத்தில் கோளாறு. இரண்டாவதற்கு மருந்து ரவுட்டரிலிருந்து ஒரு லேன் ஒயர். ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு வைஃபை சுவரைத் துளைத்துப் போவதற்குள் பிங் எகிறும். சர்வர் மும்பை என்று இருக்கிறதா, சிங்கப்பூர் என்று மாறிக் கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

செட்டிங்ஸில் எதைக் குறைக்கலாம்?

முதலில் நிழல், அடுத்து ஆன்டி-அலையசிங் (விளிம்புகளை வழுவழுப்பாக்குவது), அப்புறம் எஃபெக்ட்ஸ். டெக்ஸ்சரை 4 ஜிபி கார்டில் நடுத்தரத்தில் விடலாம். ரெசல்யூஷனைக் கடைசியாக இறக்குங்கள், 1600 × 900 ஒரு நல்ல சமரசம். தொழில்முறை கவுன்டர் ஸ்டிரைக் ஆட்டக்காரர்களே 1280 × 960-இல் ஆடுகிறார்கள், நமக்கென்ன வெட்கம்.

கார்டைப் போட்டுவிட்டேன், திரையில் எதுவும் வரவில்லை!

பதறாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கார்டைக் கழற்றுங்கள். ஸ்லாட்டின் முனையில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதை அழுத்தாமல் இழுத்தால் ஸ்லாட்டே பெயரும். கார்டின் தங்க நிற விளிம்பை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, "டக்" என்று பூட்டு விழும் வரை அழுத்திச் செருகுங்கள். பழைய கார்டில் பாதி நேரம் இதுவே போதும்.

அதற்கும் வரவில்லை என்றால் கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டு டிஸ்ப்ளேயில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புப் பக்கம்) போங்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் இருக்கும் கடைசி பயாஸை ஏற்றுங்கள். பூட் முறையில் லெகசி (பழையது) என்று இருப்பதை யூஇஎஃப்ஐ (புதியது) என்று மாற்றுவது சில புதிய கார்டுகளுக்குத் தேவைப்படும், ஆனால் விண்டோஸ் லெகசியில் ஏற்றப்பட்டிருந்தால் மாற்றியதும் அது பூட் ஆகாது, அதை மனதில் வையுங்கள். பத்து வருடப் பெட்டி என்றால் போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், மானிட்டர் ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு சித்தப்பா மகன் கூப்பிட்டு, கார்டு செத்துவிட்டது, திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று ஒரே புலம்பல். வீடியோ காலில் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். புது கார்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஒயர் மட்டும் பழைய இடத்திலேயே, மதர்போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது.